எழாத வரிசை

"இதையெல்லாம் கட்டிக்கிட்டு நான் படியேறினா உன் கம்ப்யூட்டர் என்ன பண்ணும்?"

"நீங்க எப்படி நடக்குறீங்கன்னு கத்துக்கும் உம்மா."

"என் நடையையா? முட்டிவலிக்காரி நடையைக் கத்துக்கிட்டு அது என்னத்தைக் கிழிக்கப்போகுது? அதுக்கும் ஒரு தைலம் வாங்கி வெச்சிடு."

பதினான்கு மாதங்களுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அது. பழைய பள்ளிவாசலின் பக்கவாட்டுப் படிக்கட்டடியில் மண்டி போட்டு உட்கார்ந்து, உம்மாவின் கணுக்காலில் அசைவைப் பதியும் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள் மகள். கால்களில் இரண்டு, மணிக்கட்டுகளில் இரண்டு, இடுப்பில் ஒன்று. உம்மா இடது கையால் சுவரைப் பிடித்தபடி ஏறினாள். ஏழாவது படியில் நின்று மூச்சு வாங்கி, கீழே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அதற்குள் தொழுகை தொடங்கப்போகிறது என்று மேலே இருந்த பெண்கள் கூப்பிட்டுவிட்டார்கள். பட்டைகளோடேயே தொழப் போய்விட்டாள்.

இறங்கி வந்தபோது உம்மாவுக்குச் சிரிப்பு தாளவில்லை. சஜ்தாவில், எல்லாரும் நெற்றியைத் தரையில் வைத்திருந்த நேரத்தில், மேல் அறையின் ஸ்பீக்கர் செத்துப்போயிருக்கிறது. எழுவதற்கு இமாமின் குரல் வரும், வரும் என்று பெண்கள் அப்படியே கிடந்திருக்கிறார்கள். கடைசியில் உம்மாதான் மெல்லத் தலையைத் தூக்கி ஜன்னல் வழியாகப் பார்த்தாளாம். கீழே தொழுகை முடிந்து ஆண்கள் செருப்பு தேடிக்கொண்டிருந்தார்களாம்.

இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். கடைசிப் பட்டையைக் கழற்றும்போது உம்மா சிரிப்பை நிறுத்தினாள்.

"புதுப் பள்ளிவாசல்ல எங்களை மேலே ஏத்தாதே. கீழேயே ஓரமா இருந்தாலும் போதும். உன் மாமாகிட்ட நீ சொல்லு. நான் சொன்னா அக்கா ஆசைப்பட்டாங்கன்னு ஆயிடும். நீ சொன்னா இன்ஜினியர் சொன்னதா இருக்கும்."

"நேரம் பார்த்துச் சொல்றேன் உம்மா."

நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான்காவது மாதம் உம்மா தூக்கத்திலேயே உயிர் பிரிந்து மௌத்தானாள்.

சொல்வதற்கு அப்படி என்ன தயக்கம் என்று கேட்டால், மகளுக்கே தெளிவாகச் சொல்லத் தெரியாது. மாமா உம்மாவின் ஒரே தம்பி, பள்ளிவாசல் கமிட்டியின் தலைவர். சின்ன வயதில் கையில் ஸ்கேலும் பென்சிலுமாகவே அலைந்ததால் அவளுக்கு 'ஸ்கேல்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். பள்ளிவாசலை வரைய ஒரு பெண்ணா என்று கமிட்டியில் இரண்டு பேர் முணுமுணுத்தபோது, அவள் போட்ட கோடு கோணலாகப் போனால் தலைவர் நாற்காலியை விட்டு இறங்கிவிடுகிறேன் என்று எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்திருந்தார். பெண்கள் பகுதி மேல்தளத்தில் என்பது அதே கூட்டத்தில் முடிவானது. இப்போது போய் அதை மாற்றச் சொன்னால், இதற்காகத்தான் மருமகளைக் கொண்டுவந்தீரா என்று அவரைக் கேட்பார்கள். அவர் தலைகுனிந்து நிற்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதனால் மேல்தளத்துக்கு ஒரு லிஃப்ட் வரைந்தாள். கீழே இமாமைக் காட்டும் பெரிய திரை ஒன்றும், எட்டு ஸ்பீக்கர்களும் வரைந்தாள். உம்மா கேட்டது இதை இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

மற்றபடி, அவள் வரைந்திருந்த கட்டடத்துக்கு அவள் கண்ணே பட்டுவிடும்போல இருந்தது. குவிமாடம் கிடையாது. காகிதத்தை மடித்துக் கவிழ்த்ததுபோல ஒரு வெள்ளைக் கூரை. அதில் மூவாயிரத்துச் சொச்சம் துளைகள். வருடத்தின் எந்த நாளிலும், எந்தத் தொழுகை நேரத்திலும், தொழுபவர் கண்ணில் வெயில் நேராக விழாதபடி ஒவ்வொரு துளையின் சாய்வையும் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டிருந்தது.

கட்டடத்தைக் கட்டுவதற்கு முன்பே அதற்குள் ஆட்களை நடக்கவிட்டுப் பார்ப்பது இப்போதைய வழக்கம். அது அவள் கணவனின் வேலை. மருந்துக்கடைக்கு மேலே இருந்த அவர்களுடைய அலுவலகத்தில் அவனுக்கு ஜன்னலோர மேஜை. திரைக்குள் சின்னச் சின்ன மனிதர்களை உண்டாக்கி, எந்தக் கதவில் நெரிசல், எத்தனை நிமிடத்தில் கூடம் காலியாகும் என்று பார்த்துச் சொல்வான். அந்த மனிதர்கள் உண்மையானவர்கள்போல நடப்பதற்காக, பழைய பள்ளிவாசலின் வாசலில், ஆட்களை எண்ணி அவர்கள் நடையையும் பதியும் கருவிகளை நான்கு வெள்ளிக்கிழமைகள் மாட்டி வைத்திருந்தார்கள்.

பெண்கள் அந்த வாசல் வழியாக வருவதில்லை. கருவிகளைக் கழற்றிய பிறகுதான் இது எல்லாருக்கும் உறைத்தது. மாமாவுக்குத் தோன்றவில்லை, கமிட்டிக்குத் தோன்றவில்லை, கணவனுக்குத் தோன்றவில்லை. ஏழு வயதிலிருந்து பக்கவாட்டுப் படியில் ஏறி இறங்கிய அவளுக்கே தோன்றவில்லை. அறுநூற்று இருபது ஆண்களுக்கு விதவிதமான நடைகள் கிடைத்திருந்தன. பெண்கள் கணக்கில் ஒன்றுகூட இல்லை. அவசரத்துக்கு உம்மாவைக் கூப்பிட்டு அந்த ஒரு நடையைப் பதிவு செய்தார்கள். படியேறும் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, நூற்று நாற்பது பேருக்கும் அதையே மாட்டிவிட்டார்கள்.

ஆகவே திரையில் நூற்று நாற்பது உம்மாக்கள் ஏறினார்கள். பழைய படிக்கட்டின் சுவர் புதியதில் இல்லை. இரண்டு பக்கமும் கண்ணாடிதான், அதுவும் சற்றுத் தள்ளி. ஆனாலும் ஒவ்வொருத்தியும் இடது கையை வெறும் காற்றில் ஊன்றிக்கொண்டே ஏறினாள். ஏழாவது படியில் நின்று, திரும்பிப் பார்த்து, மறுபடி ஏறினாள். முதல்முறை பார்த்தபோது, "உங்க குடும்பமே அந்தரத்துல கை வைக்கிற குடும்பம்" என்று கணவன் கேலி செய்தான். அப்போது உம்மா உயிரோடு இருந்தாள். பிறகு அவன் அந்தக் கேலியைச் சொல்வதில்லை.

வரைபடங்களில் மாமாவின் கையெழுத்தை வாங்க இரண்டு நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. ஜன்னல் முழுக்க வெயில்.

"இங்க கொஞ்சம் வாயேன். இது முடிய மாட்டேங்குது" என்றான் கணவன்.

கடைசி ஆள் வெளியேறியதும் தானாக நின்றுவிட வேண்டிய சோதனை ஓட்டம் அது. ஆண்கள் ஆறே முக்கால் நிமிடத்தில் வெளியேறிவிட்டார்கள். கீழ்க்கூடம் காலி. கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் பார்வையை மேல்தளத்துக்கு ஏற்றினான். நூற்று நாற்பது பேரும் வரிசை கலையாமல், நெற்றி தரையில் பதிய, சஜ்தாவில் இருந்தார்கள். யாரும் எழவில்லை.

"சிக்கிக்கிச்சு போல" என்றாள் அவள்.

"சிக்கினா நடுங்கும், துடிக்கும். இவங்க சும்மா இருக்காங்க."

நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிட்டான். மறுபடியும் அதே. மத்தியானம் முழுக்க ஒவ்வொன்றாகச் சோதித்தான். இமாமின் குரல் காதுக்கு எட்டினால்தான் இந்த மனிதர்கள் எழுவார்கள் என்று எழுதியிருந்தவன் அவனே. மேல்தள ஸ்பீக்கர்கள் எட்டும் திறந்துதான் இருந்தன. ஒலியை இரண்டு மடங்காக்கினான். பிறகு குரலுக்குக் காத்திருக்கவே வேண்டாம், நேரம் ஆனதும் எழுந்துவிடலாம் என்று அந்த விதியையே தூக்கிப்போட்டான். ஆண்கள் எழுந்தார்கள். பெண்கள் கிடந்தார்கள்.

தேநீர் ஆறிப்போனது. அவன் சும்மா கை அரிப்பில், மேல்தளத்திலிருந்து ஒருத்தியை மட்டும் எடுத்து, கீழ்க்கூடத்தில் கடைசி வரிசைக்குப் பின்னால் வைத்தான். ஓடவிட்டான்.

அந்த ஒருத்தி எழுந்தாள். இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பி சலாம் கொடுத்தாள், எழுந்து நடந்து வெளியே போய்விட்டாள்.

பத்துப் பேரைக் கீழே வைத்தான். பத்துப் பேரும் எழுந்து போனார்கள். அதே பத்துப் பேரை மேலே கொண்டுபோனால் நெற்றியை வைத்தவர்கள் வைத்தபடி.

"வித்தியாசமே இல்லையே. ஒரே ஆளு, ஒரே விதி, தளம் மட்டும்தான் மாறுது" என்றான் அவன், திரையைப் பார்த்தபடியே. அவளுக்குக் கழுத்துக்குப் பின்னால் யாரோ ஈரக் கையை வைத்ததுபோல இருந்தது.

ஒருவேளை உம்மாவின் முழுப் பதிவும் எப்படியோ உள்ளே போயிருக்குமோ என்று சந்தேகப்பட்டான். அந்த முழுக் கோப்பு தனி டிஸ்கில், அலமாரிக்குள் இருந்தது. வெட்டிய நாளுக்குப் பிறகு யாரும் திறக்கவில்லை. எடுத்துச் சொருகினார்கள். ஐந்து பட்டைகளுக்கும் ஐந்து கோடுகள். படியேறும் இடத்தில் கோடுகள் மலைபோல எழுந்து விழுந்தன. பிறகு தொழுகையின் மேடு பள்ளங்கள். பிறகு நான்கு கோடுகள் தட்டையாகிவிட்டன. ஒன்பது நிமிடம் நாற்பது விநாடி. ஸ்பீக்கர் செத்த நேரம் அது. இவ்வளவு நீளம் என்று உம்மா சொல்லவே இல்லை. கூத்து என்றுதான் சொன்னாள்.

இடுப்புப் பட்டையின் கோடு மட்டும் தட்டையாகவில்லை. சின்னச் சின்ன அலையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அது என்ன என்று கணவன் முதலில் புரியாமல் கேட்டான். அது உம்மாவின் மூச்சு. அவள் விரலை அந்தக் கோட்டின் மேல் வைத்து, கோடு முடியும் வரைக்கும் எடுக்கவில்லை.

அன்றுதான் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்: உம்மா கேட்டது, தான் நேரம் பார்த்தது. அவன் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப்போட்டு உட்கார்ந்து முழுவதும் கேட்டான்.

"சொல்லிடு" என்றான்.

"என்னன்னு சொல்றது? கம்ப்யூட்டர்ல எங்க உம்மா எழுந்திரிக்க மாட்டேங்குறாங்கன்னா? கமிட்டியில மாமாவை என்ன கேப்பாங்க தெரியுமா?"

"மாமாவை என்ன கேப்பாங்கன்றதை மாமா பார்த்துக்குவாரு. நீ கேக்க வேண்டியது வேற."

ஆனாலும் அவளுக்குத் துணிவு வரவில்லை. நாளை மறுநாள் மாமா வருகிறார். அவர் முன்னால் ஓட்டம் முடியாமல் நின்றால் வம்பு. திரையில் பெண்கள் இருக்கும் அடுக்கை மூடிவிடு, ஆண்களோடு மட்டும் காட்டலாம் என்றாள். அவன் அரை மனதோடு சரி என்று மூடினான். மூடினால் போதாது என்று அவள் அந்த அடுக்கை அழித்தும் விட்டாள். பட்டியலில் 'பெண்கள்: 0' என்று வந்த பிறகுதான் எழுந்து வீட்டுக்குச் சமைக்கப் போனாள்.

வியாழக்கிழமை மாமா சரியாகப் பத்தரைக்கு வந்தார். படியேறி வந்த மூச்சிரைப்போடு, "என்ன ஸ்கேல், கட்டடத்துக்கு மட்டும் லிஃப்ட், உன் ஆபீஸுக்குக் கிடையாதா?" என்றார். வரைபடங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் இடத்தில் குழாய்கள் கையைப் பார்த்துத் தானாகத் திறக்கும் என்றதும், எங்கள் ஊர் ஆட்கள் கையைக் காட்டிவிட்டுக் குழாயையும் தட்டுவார்கள் என்று சிரித்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். அப்புறம், உள்ளே ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றார்.

கட்டடத்துக்குள்ளேயே நிற்பதுபோலக் காட்டும் கருப்புக் கவசத்தைக் கணவன் அவர் கண்களில் மாட்டினான். மேஜை நாற்காலிகளை ஓரம் தள்ளி அறையின் நடுவை அவருக்காகக் காலி செய்திருந்தார்கள். மாமா பார்ப்பது அப்படியே சுவரிலிருந்த திரையிலும் தெரியும். கூரைத் துளைகளின் வெளிச்சம் கம்பளத்தில் கோலமாக விழுந்திருப்பதைப் பார்த்து, "மாஷா அல்லாஹ்" என்று மெதுவாகச் சொன்னார். ஆண்கள் தொழுது முடித்துக் கலைந்தார்கள். ஆறே முக்கால் நிமிடம். அவளுக்கு உயிர் வந்தது.

"மேலே போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டு மாமாவே கையிலிருந்த விசையை அழுத்திப் படிக்கட்டில் ஏறினார்.

பாதிப் படியில் நின்றார். உடம்பை ஒரு பக்கமாக ஒதுக்கி, யாருக்கோ வழிவிட்டார்.

திரையில் படிக்கட்டு காலியாக இருந்தது.

"போங்கம்மா, போங்க" என்றார் காற்றைப் பார்த்து. பிறகு இவர்கள் பக்கம் திரும்பாமலே, "ஏன் எல்லாரும் அக்கா மாதிரியே நடக்குறாங்க?" என்றார். யாருடைய நடை அது என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

கணவன் அவளுக்குப் பட்டியலைக் காட்டினான். பெண்கள்: 0. கவசத்தில் ஏறியிருப்பது பழைய பிரதியா என்று பார்த்தான். இல்லை, இன்று காலை ஏற்றியதுதான். அவன் முகம் வெளுத்திருந்தது. கழற்றிவிடலாமா என்று கையால் கேட்டான். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மாமா மேல்தளத்துக்கு வந்திருந்தார். திரையில் கம்பளம் விரித்த ஒரு வெற்றுக் கூடம். எதிர்ச் சுவர்வரை நடந்து பார்க்கப் போனவர், இரண்டு எட்டு வைத்ததும் சடாரென்று நின்றார். வைத்த காலைப் பின்னால் எடுத்தார். தொழுகிறவருக்குக் குறுக்கே போகக்கூடாது என்று சின்ன வயதிலிருந்து பழகிய கால் அது. இடது பக்கம் ஓரமாகப் போய்ப் பார்த்தார், அங்கேயும் நின்றார். அலுவலகத்தின் நடுவில், மின்விசிறிக்குக் கீழே, கண்ணைக் கட்டிய ஒரு பெரிய மனிதர், கண்ணுக்குத் தெரியாத ஒரு வரிசையைச் சுற்றிப்போக வழி தேடிக்கொண்டிருந்தார்.

"மாமா, என்ன ஆச்சு?" என்றாள்.

"மெதுவாப் பேசு. தொழுதுட்டிருக்காங்க." குரலைத் தாழ்த்திச் சொன்னார். "முடிக்கட்டும். அப்புறம் போறேன்."

கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று. கீழே மருந்துக்கடையில் யாரோ சில்லறைக்கு வாதாடிக்கொண்டிருந்த சத்தம் தெளிவாகக் கேட்டது. மாமா அசையவில்லை. அவர் தொழுகிறவர்களுக்காகக் காத்திருக்கும் விதத்தில் பொறுமை இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அது குழப்பமாக மாறுவது அவர் தோள்களில் தெரிந்தது. மெல்ல முட்டியை மடக்கித் தரையில் உட்கார்ந்தார். குனிந்து, கவிழ்ந்திருக்கும் ஒரு முகத்தைப் பக்கவாட்டிலிருந்து பார்க்க முயல்வதுபோலத் தலையைச் சாய்த்தார். பார்த்தாரா இல்லையா, தெரியாது. 

"இமாம் சலாம் கொடுத்து எவ்வளவு நேரமாச்சு" என்றார். "கீழே எல்லாரும் போயிட்டாங்க. இவங்களுக்கு யாரும் சொல்லலையா?"

கணவன் அவளைப் பார்த்தான். சொல்வதற்கு ஆயிரம் இருந்தது. நடை ஒன்றைத்தான் பதிவு செய்தோம், விதியில் ஏதோ கோளாறு, அடுத்த வாரத்துக்குள் சரிசெய்துவிடலாம் என்று பேச்சை மழுப்பியிருக்கலாம். மாமா நம்பியும் இருப்பார். திறந்த பேனா வரைபடத்தின் மேலேயே கிடந்தது. ஒரு கையெழுத்து விழுந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். அவர் தரையில் ஒரு கையை ஊன்றி, காலியான கம்பளத்தைப் பார்த்துக்கொண்டு, இன்னும் காத்திருந்தார்.

அவள் போய் அவருக்குப் பக்கத்தில், அந்த வரிசை இருக்கக்கூடிய இடத்தை மிதிக்காமல் உட்கார்ந்தாள்.

"யாரும் சொல்லல மாமா. நான் சொல்லியிருக்கணும்" என்றாள்.  

"எங்களுக்குக் கீழே இடம் குடுங்க. லிஃப்ட் வேணாம், திரை வேணாம். நீங்க தொழுற அதே தளத்துல, இமாம் குரல் நேரா காதுல விழுற இடத்துல, பொம்பளைங்களுக்கும் வரிசை வேணும் மாமா."